ஊரே வந்து குடித்த தேத்தண்ணி

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் தேத்தூள் டப்பா நிற்காமல் காலியாகத் தொடங்கியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நோயாளி உள்ள வீட்டில் வாழ்ந்து பார்க்காதவர்கள். புண்ணியவான்கள், நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்தோம். மெர்டேக்கா வரப்போகிறது, நாடு சுதந்திரமாகப்போகிறது என்று மலாக்கா முழுக்க அதே பேச்சாக இருந்த காலம். அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முதலில் அவருடைய வலது கைவிரல்கள் திருநீற்றைத் தேய்ப்பதுபோல ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பித்தன. பிறகு நடை குறுகியது. வாசற்படிக்கு வந்தால் கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். குரல் உள்ளே போய்விட்டது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன், முகத்தில் சிரிப்பே வராமல் போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். பார்க்கின்சன் என்று அதைச் சரியாகச் சொல்ல நான் கற்றுக்கொண்டது வெகுகாலம் கழித்து. எங்கள் ஊரில் 'நடுக்கம்' என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு தட்டுச் சோற்றை அவருக்கு ஊட்டி முடிப்பதற்குள் குழம்பு ஆறி, அம்மாவின் பசியும் ஆறிப்போகும். படுத்தால் அவரால் தானாகப் புரள முடியாது, அம்மாதான் எழுந்து எழுந்து புரட்டிவிட வேண்டும். விடிந்தால் துணி துவைக்கணும், அவரைக் குளிப்பாட்டணும், மறுபடி அடுப்பு. அம்மா எப்போது தூங்கினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் தலைவர் எல்லாரையும் உட்காரவைத்தார். "நம்ம ஆளுக்கு ஒண்ணுன்னா நாமதான் போய் நிக்கணும். தினம் ஒரு குடும்பமா முறை வச்சிப் போங்க. அந்தம்மா தனியாக் கெடந்து கஷ்டப்படுது," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டியதோடு நிற்காமல் வந்தும் விட்டார்கள்.

ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் முருங்கைக்கீரை. ஒருவர் சனி பகவான் எந்த வீட்டில் இருக்கிறார் என்ற சேதி. வந்தவர்கள் எல்லாரும் அப்பாவிடம் தவறாமல் சொன்னது ஒன்று: "எங்க, கைய நீட்டுங்க பாப்போம்." அப்பா நீட்டுவார். பத்துப்பேர் பார்க்கிற கை சும்மா நடுங்குமா? இன்னும் கூடுதலாகவே நடுங்கும். "போன வாரத்துக்கு இப்ப தேவலை," என்று ஒருவர் சொல்ல, "இல்லையே, கூடியிருக்கே," என்று இன்னொருவர் சொல்ல, பேச்சு அப்படியே மெர்டேக்காவுக்குப் போய்விடும். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் குலத்திலேயே கிடையாது. தேத்தண்ணி, டின் பால், பிஸ்கட். காலையில் வந்துவிட்டால் "பசியாறிட்டுத்தான் போகணும்." தட்டு தூக்கிக்கொண்டு போவது என் வேலை. எனக்கு ஒரே பெருமை. எங்கள் தெருவில் வேறு யார் வீட்டுக்கு இத்தனை பேர் வந்தார்கள்?

ஒரு நாள் அம்மா தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். வந்திருந்தவர்களும் நம்மவர்கள்தானே, வீட்டுக்காரம்மா மனசு நோகக்கூடாது என்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனார்கள். சேதி தலைவர் காதுக்கு எட்டியது. அவர் ரொம்ப வருத்தப்பட்டார். "அந்தம்மா ஓய்ஞ்சு போச்சு. ஒரு குடும்பம் பத்தாது. இனிமே ரெண்டு ரெண்டு குடும்பமாப் போங்க," என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப்பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழை மறந்துபோன செட்டிகளின் குடியிருப்பு. அங்கே ஒரு செட்டி வீட்டுப் பெண்மணி இருந்தாள். கட்டுவது மலாய்க்காரர்போல சாரோங்கும் கெபாயாச் சட்டையும், நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். நாங்கள் அவளை மலாயில் அத்தை என்கிற மாதிரி, மாச்சிக் என்று கூப்பிடுவோம். அம்மாவுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் மலாய் வரும், அதனால் வேலியோரத்தில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. ஒரு மத்தியானம் அம்மா கொடியில் துணி காயப்போட்டபடியே, கையில் ஈரத்துணியோடு, நின்ற வாக்கில் கண்ணை மூடிவிட்டாள். மாச்சிக் அதைப் பார்த்திருக்கிறாள். வேலிச் சந்தால் நுழைந்து நேரே எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

ஆள் வந்துவிட்டதே என்று அம்மா கேத்தலை அடுப்பில் வைத்தாள். மாச்சிக் அதை இறக்கி, தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றினாள். எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை அதுவரை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "பெர்கி தீடோர்," என்றாள். போய்த் தூங்கு என்று அர்த்தம். அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் அம்மாவைத் தோளைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தாள். பாயில் உட்கார்ந்த அம்மா சாய்ந்ததுதான் தெரியும்.

மாச்சிக் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையை நீட்டு என்று கேட்கவில்லை. கையைப் பார்க்கக்கூட இல்லை. கஞ்சியை ஒவ்வொரு வாயாக, அவர் விழுங்குகிறவரை காத்திருந்து ஊட்டினாள். ஒரு நலம் விசாரிப்பு உண்டா, ஒரு ஆறுதல் வார்த்தை உண்டா? என்ன ஜன்மம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தலைவரே இரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அம்மாவை எழுப்ப ஓடினேன். "அம்மா, ஆளுங்க வந்திருக்காங்க!" மாச்சிக் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, வாசலில் போய் நின்று, வாயில் விரலை வைத்து, அத்தனை பேரையும் அப்படியே திருப்பி அனுப்பினாள். தலைவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, "ஐயா, எங்கம்மா தூங்கிட்டாங்க. அந்த மாச்சிக்தான் இப்படி. நாளைக்குக் கண்டிப்பா வாங்க," என்று கெஞ்சினேன். "வர்றோம் பாப்பா, எல்லாருமா வர்றோம்," என்றார் அந்த நல்ல மனுஷர்.

அம்மா கண் விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். "ஐயோ, அவரு!" என்று தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தாள். அப்பா மாற்றுச் சட்டையில், பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். மாச்சிக் காலிக் கிண்ணத்தைக் காட்டிவிட்டுக் கிளம்ப எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பேச ஆளுக்கொரு பாஷை. மாச்சிக் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அம்மா அழுது நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆனால் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீடு தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோமே, மானம் போயிற்றே என்றுதான் அழுகிறாள். வேறென்ன இருக்க முடியும்?

ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "அழாதம்மா. தலைவர் ஐயாகிட்ட நான் சொல்லிட்டேன். நாளைக்கு எல்லாருமே வருவாங்க," என்றேன்.

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக அழுதாள். இவ்வளவு நல்ல சேதி சொல்லியும் அழுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.