எதிர் வாக்கில் சீவிய ஸ்பூன்கள்

சலூன்காரருக்குத் தன் கைத்திறமையில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. தான் சவரம் செய்த கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார். முடி வளரும் வாக்கில் ஒரு தடவை, எதிர் வாக்கில் ஒரு தடவை. அதுதான் அவர் தொழில் சூட்சுமம். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு மரத்துண்டு பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

எல்லாம் மனைவிக்காக. புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து, வாயில் எதை வைத்தாலும் அவளுக்குத் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இப்படியே போனால் அடுத்த ஊசியை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவர்சில்வர் ஸ்பூனை நிறுத்திப் பாருங்கள் என்றாள் நர்ஸ். பிளாஸ்டிக் வாடை மனைவிக்குக் குமட்டியது. கடையில் இருந்த மரக்கரண்டிகளோ சட்டியில் கிளறுவதற்கானவை, வாய்க்குள் நுழையாது. "நானே செதுக்கிடறேன், இது என்ன பெரிய விஷயம்?" என்று இறங்கினார்.

நன்றாக மாட்டிக்கொண்டார். தச்சுப்பட்டறையில் கேட்டு வாங்கிய கட்டையில் ஸ்பூனை வரைந்து, சுற்றிலும் சீவி, நடுவில் குழிக்கும்வரை ஒழுங்காகத்தான் வரும். பிறகு மழமழப்பாக்குகிறேன் பேர்வழி என்று எதிர் வாக்கில் ஒரு இழு இழுப்பார். நார் பிய்ந்துகொண்டு எழும்பும். அதைச் சரிசெய்ய மேலும் சீவுவார், மேலும் பிய்யும். கடைசியில் குழி ஓட்டையாகிவிடும். கத்தியைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், கட்டை கொடுத்த தச்சரின் பரம்பரையையே திட்டினார். அன்றைக்கும் ஒன்று ஓட்டையாக, சுவரில் விட்டெறிந்தார்.

"சனியன்! இதெல்லாம் ஒரு மரமா?"

கட்டிலில் படுத்திருந்தவள் தலையில் கட்டியிருந்த துணியைத் தடவிக்கொண்டாள். "ஏங்க, எனக்கு மொட்டை போட்டப்போ எதிர் வாக்குல சிரைச்சீங்களா?"

"உனக்கு எப்படிச் சிரைப்பேன்? தோல் அவ்வளவு மெலிசா இருந்துச்சு. ரத்தம் வந்துடாதா?"

"சுழி வந்த இடத்துல கத்தியைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சீங்க. அந்தக் கட்டைக்கும் அப்படியே செய்யுங்களேன். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"என் தொழிலை எனக்கே சொல்லிக்குடு" என்று முணுமுணுத்தபடி வேறு கட்டையை எடுத்தார். நார் படியும் பக்கமாக மட்டும், விளிம்பிலிருந்து குழியின் அடிக்குச் சீவினார். எதிர்ப்பக்கம் வந்ததும் கட்டையைத் திருப்பிக்கொண்டார். அன்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலையில் ஓட்டிய அதே கைதான். நார் எழும்பவில்லை. காம்பு கோணலாக வந்தது, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஸ்பூனால் அவளுக்கு சூப் ஊட்டினார். ஒரு வாய், இரண்டு, மூன்று. நாலாவதில் அவள் முகம் சுளித்தாள். அவர் ஸ்பூனைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

"என்ன, இதுவும் இரும்பா?"

"இல்ல. உப்பே போடலையா நீங்க?"

போடவில்லைதான். அவளுக்கென்று தனியாக வைக்கும் சூப்பில் எத்தனை நாளாக உப்பை மறந்தாரோ, அவருக்கே தெரியாது. இரும்பு ருசியில் அவளுக்கும் இதுவரை அது தெரிந்ததில்லை.

"வாயைத் திறந்தாலே குறைதான் உனக்கு!" என்று எரிந்து விழுந்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கண் கலங்கிப்போயிருந்ததில், எதிரிலேயே இருந்த உப்பு டப்பா அவருக்குத் தெரியவில்லை.