கதிரை வரை எட்டும் கேபிள்

நியூசிலாந்தில், ஒடாஹுஹுவில் ஃபோன் சாமான்கள் விற்கும் சின்னக் கடையில் அவரைப் பார்த்தேன். தேய்த்த சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். இருப்பதிலேயே மலிவான மூன்று மீட்டர் சார்ஜிங் கேபிளைப் பிரித்து, "ஒரு முழம், ரெண்டு முழம்" என்று வாய்விட்டு அளந்துகொண்டிருந்தார். நான் எதை வாங்கினாலும் நாலு ரிவ்யூ படிக்கிற ஆள். சும்மா இருக்க முடியவில்லை.

"சார், இது ரொம்ப மெலிசு. இவ்வளவு நீளத்துக்குச் சார்ஜ் மெதுவாத்தான் ஏறும்."

"நல்ல நேரத்தில வந்தீங்கள், தம்பி. இந்த நுனியைப் பிடிச்சுக்கொண்டு அந்தக் கதிரையில போய் இருங்கோ."

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மறுமுனையைச் சுவரோடு பிடித்தபடி என்னையே பார்த்தார். கேபிள் கொஞ்சம் தொய்ந்தே நின்றது.

"ஓம், எட்டுது. ஞாயிறு மத்தியானம் டாப்லெட்டை எதிர்க் கதிரையில வைச்சு, பிள்ளையோட வீடியோவில கதைச்சுக்கொண்டுதான் சாப்பிடுவன். டொரன்டோவில பிள்ளைக்கு அது இராச்சாப்பாடு. டாப்லெட் பழசு, வயரைக் கழட்டினா நிண்டுபோயிடும்."

"அப்பவும் மெதுவாத்தான் ஏறும், சார்."

"ஏற வேண்டாம், தம்பி. சாப்பிட்டு முடியுமட்டும் இறங்காமல் இருந்தாக் காணும்."

நானும் அதையேதான் வாங்கினேன். அறைக்கு வந்து, நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை மடித்து வைத்தேன். ஃபோனை அதில் சாய்த்து நிறுத்திக் கேபிளைச் செருகினேன். நன்றாகவே எட்டியது. தட்டோடு எதிரே உட்கார்ந்த பிறகுதான், யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.