எட்டாம் வகுப்பில் கட்டிய கயிறு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட போர்ஷன் பாக்கி வைத்ததில்லை. யார் ஏறினார்கள், யார் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கும் வழக்கமும் கிடையாது.

ஒரு பள்ளி விடுமுறையில், தம்பி தான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு அவளைக் கூட்டிப்போனான். வேலை மேஜைகளுக்கு மேலே நீளமாக ஒரு நீலக் கயிறு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கையிலிருந்த பம்பில் ஏதோ சரியில்லை என்று அதை இழுத்தாள். மணி அடித்தது, மொத்த வேலையும் நின்றது. மேனேஜர் அடித்துப் பிடித்து ஓடிவந்தார். தொலைந்தாள் இவள் என்று டீச்சர் நினைத்தாள். அவரோ, "எங்கம்மா இடிக்குது?" என்று கேட்டு, குனிந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"திட்டவே மாட்டாங்களாடா?"

"ஒரு தடவை முகம் சுளிச்சாப் போதும்க்கா, அப்புறம் ஒருத்தரும் இழுக்க மாட்டாங்க. கோளாறு பம்போட சேர்ந்து கடைக்குப் போயிடும்."

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புச் சுவரில் கயிறும் மணியும் ஏறின. புரியாதவர் இழுக்கலாம், பாடம் நிற்கும். முதல் வாரம் விளையாட்டுக்கு இழுத்தார்கள், பிறகு நிஜமாகவே இழுத்தார்கள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கப் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வேகம் குறைந்தது, பட்டப்பெயர் பாசஞ்சர் என்று மாறியது. தலைமையாசிரியர் முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பது போல மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து கயிற்றை இழுத்த அன்று, டீச்சர் தம்பிக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஆய்வு அதிகாரி வந்தார். "இன்னைக்காவது நம்ம மானத்தைக் காப்பாத்துங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் கெஞ்சியிருந்தார். அவளும் பழைய வேகத்தில் கரும்பலகையை நிரப்பினாள். நடுவில் மணி அடித்தது. கயிற்றடியில் அதே கடைசி பெஞ்சுப் பெண்.

"இப்ப வேண்டாம். போய் உக்காரு."

சத்தம்கூடப் போடவில்லை, அவ்வளவுதான் சொன்னாள். 'ஒழுங்கான வகுப்பு' என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? முடிக்காத பாடம் தலைக்கு மேல் கிடந்தது; பாவி, விட்டுவிட்டாள். அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வந்தது. அதை நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் முப்பத்தொரு தாளிலும் ஒரே தப்பு. கழித்தல் குறிக்கு அடுத்து வரும் அடைப்புக்குறியை நீக்கும்போது, உள்ளே இருக்கும் குறிகளை மாற்ற வேண்டும், யாரும் மாற்றவில்லை. அதெப்படி எல்லாரும் ஒரே இடத்தில் விழுவார்கள்? ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டினாள். அதிகாரி வந்த அன்று, அவசரத்தில், கரும்பலகையில் அவள் எழுதிப்போட்டதே அப்படித்தான்.

கடைசி பெஞ்சுப் பெண்ணின் தாளிலும் அதே தப்பு. ஆனால் முதலில் சரியாக எழுதி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தப்பை எழுதியிருந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அன்னைக்கு இதைச் சொல்லத்தான் கயிறை இழுத்தியாம்மா?"

"ஆமா டீச்சர்."

"சரியாத்தானே எழுதியிருந்தே. ஏன்டா கண்ணு மாத்தினே?"

"நீங்க உக்காரச் சொல்லிட்டீங்களே டீச்சர். நான் நினைச்சதுதான் தப்புன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்."