வாசலைப் பார்த்த நாற்காலி

பெங் சுய்யுன் பள்ளிக்கூடம் போனது பதிமூன்று வயதுவரைதான். அதற்குமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்று அப்பா நிறுத்திவிட்டார். கோங் வாத்தியார் மழையில் நனைந்துகொண்டு வீடு தேடி வந்தார். "நல்லாப் படிக்கிற புள்ள, அனுப்பி வைங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். அப்பா ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்த சுய்யுனுக்கு அப்பாவை நினைத்து அவமானமாக இருந்தது.

பிறகு கல்யாணமாகி நகரத்துக்கு வந்தாள். கணவன் ஹோசெங்குக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை. அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடை போட்டாள். மகள் ஜிங்ஷூ உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்தது ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதே கோங் வாத்தியார். ஜிங்ஷூவுக்குச் சாங்ஷா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், வாத்தியாருக்கு நன்றி சொல்லும் விருந்தை ஓட்டலில் ஏற்பாடு செய்தார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தவரை, வாசலைப் பார்த்த நாற்காலியில் சுய்யுனே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். பெரிய விருந்தாளிக்கு உரிய இடம் அது.

விருந்தில் முதலில் வைக்கும் குளிர்ந்த பதார்த்தங்கள் வந்திருந்தன. அப்போதுதான் தொழிற்சாலை முதலாளி நியே உள்ளே நுழைந்தார். வரமாட்டார் என்று நினைத்துத்தான் ஹோசெங் ஒரு மரியாதைக்குச் சொல்லி வைத்திருந்தான். சூளை மேஸ்திரி வேலை காலியாக இருந்த நேரம். அவன் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தான்.

சுய்யுன் குனிந்து வாத்தியார் காதருகே சொன்னாள்: "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. முதலாளி வந்துட்டாரு. கொஞ்சம் அந்தப் பக்கம்..."

"அதுக்கென்ன, அவரு உக்காரட்டும்."

தன் கிண்ணத்தையும் குச்சிகளையும் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே மேசையில் கதவோரமாக, பரிமாறுகிறவர்கள் போய்வரும் வழியில்தான் ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. "கொஞ்சம் தள்ளிக்குங்க தாத்தா" என்று ஒரு பெண் அவர் தோளுக்கு மேலாகச் சூப்பை நீட்டினாள். நாலு சொட்டு வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசைத் தோழிகளோடு பேசிவிட்டு ஜிங்ஷூ திரும்பி வந்தாள்.

"வாத்தியார் எங்கம்மா?"

சுய்யுன் முகவாயால் கதவுப்பக்கம் காட்டினாள்.

ஜிங்ஷூ அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கதவோரம் போனாள். தன் கிண்ணத்தின் விளிம்பு அவர் கிண்ணத்துக்குக் கீழே இருக்கும்படி தாழ்த்தி, இடுப்பு வளையக் குனிந்தாள். "ஐயா, நீங்க இல்லேன்னா நான் இல்ல."

"யாரு அவரு?" என்றார் நியே.

"புள்ளையோட வாத்தியாருங்க" என்றான் ஹோசெங்.

நியே துள்ளி எழுந்தார். "அடப்பாவி! விருந்தே அவருக்குத்தானய்யா! அவரை எழுப்பிட்டா என்னைய உக்கார வெச்ச? நாளைக்கு ஊரு என் மூஞ்சியிலல்ல துப்பும்!"

அவரே போய் அழைத்தார். வாத்தியார் அசையவில்லை. "இருக்கட்டும், இங்க காத்து நல்லா வருது." நியே வேறு இருவர் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் பிறகு யாரும் உட்காரவில்லை.

ஆவியில் வேகவைத்த மீன் வந்தது. பரிமாறிய பெண் வழக்கப்படி அதன் தலையைப் பெரிய விருந்தாளியின் இடத்தை நோக்கித் திருப்பி வைத்தாள். காலி நாற்காலியைப் பார்த்தபடி மீன் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெரிய விருந்தாளி கை வைக்காமல் மற்றவர்கள் எப்படித் தொடுவது? சுய்யுனுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் வாத்தியார்தான் கதவோரத்திலிருந்து எட்டி ஒரு துண்டு எடுத்தார். "ஆறிடப் போவுது, சாப்பிடுங்கப்பா."

வீடு திரும்பும்போது பாலத்தின்மேல் ஜிங்ஷூ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு அப்பாவுக்குத்தானம்மா முதலாளி? நீ ஏன் எழுப்பின?"

செப்டம்பரில் ஆசிரியர் தினத்தன்று, பம்பளிமாஸ் பழங்களோடு சுய்யுன் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னிக்கு நான் செஞ்சது..."

பரவாயில்லை என்பார் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

"ஆமா சுய்யுன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். "வேற யாராச்சும் எழுப்பியிருந்தா ஒண்ணும் தோணியிருக்காது. நீ எழுப்பிட்ட."

அவர் முறத்தை அவள் பக்கம் தள்ளினார். "நிக்காத, உக்காரு. இதை உரி. சாப்பிட்டுத்தான் போவணும்." அழுதாலும் தேவலை என்றிருந்தது, அழுகையும் வரவில்லை. உரித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஹோசெங்குக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. வீட்டில் யாரும் அதைக் கொண்டாடவில்லை. கோங் வாத்தியார் எப்போதாவது நூடுல்ஸ் சாப்பிடக் கடைக்கு வருவார். பானையில் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் சுய்யுன் அடுப்பை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். "வேலையப் பாரும்மா" என்பார் அவர். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.