தீரு பட்டணத்து வலைகள்

அந்தப் போட்டிக்கு முன்பே ஊரில் எனக்கென்று ஒரு நிலை இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாதாகோயில் பங்கில் ஆண்டுதோறும் நடந்த மறைக்கல்விப் பேச்சுப் போட்டியில் இரு முறை தொடர்ந்து முதற்பரிசு பெற்றவன் நான். பதினொரு வயதில், தாளைப் பாராமல் கால்மணி நேரம் பேசுவேன். காரைக்கால் கடைத்தெருவில் என் தந்தைக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று வணக்கம் சொன்னவர்கள் என்னையும் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுத்தான் போனார்கள். மூன்றாம் முறையும் வென்றால் பதக்கம் உண்டு. புதுச்சேரிக்குச் சென்று பெரிய மேடையில் பேசவும் அழைப்பு உண்டு.

எழுபதுகளின் பிற்பகுதி. அவ்வாண்டுத் தலைப்பு, நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசி தீரு பட்டணத்தைப் பற்றி உரைத்ததைத் தந்தை தேர்ந்தெடுத்து, உரையையும் தாமே எழுதித் தந்தார். கடல் நடுவே செல்வச் செருக்கோடு விளங்கிய வணிக நகரம் அது. பாபிலோன் அரசன் அதன்மேல் படையெடுப்பான், நகரம் வெறும் பாறையாகும், அங்கே வலைகள் உலரும், பிறகு அது கட்டப்படவே மாட்டாது என்பது தீர்க்கதரிசனத்தின் சாரம். எல்லாம் அப்படியே நிறைவேறிற்று, இன்று அங்கே ஆளில்லை, வலைகள் மட்டும் உலர்கின்றன என்று என் உரை முடியும். அவ்விடத்தில் வலக்கையைக் கடற்பக்கம் நீட்ட வேண்டும் எனத் தந்தை ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்.

தந்தையின் அண்ணன், என் பெரியப்பா, பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அத்தகையோரை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். பென்ஷன் வாங்கும் நாளில் குடிப்பார்; மற்ற நாட்களில் ஒரு சொட்டும் தொடமாட்டார். போட்டி நடந்த சனிக்கிழமை பென்ஷன் நாளாக அமைந்துவிட்டது. எனினும் அவர் கோட்டுப் போட்டு, பட்டாளத்துப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்னதாக வந்து வாசலில் நின்றார். பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி என் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். அவர் மூச்சில் காப்பியும் கிராம்பும் மணந்தன.

நான் குறையின்றிப் பேசினேன். கையையும் உரிய இடத்தில் நீட்டினேன். கைதட்டல் ஓயுமுன் பெரியப்பா எழுந்துவிட்டார். எனக்குச் சாட்சி சொல்லத்தான் எழுந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

“சாமி, எம் மவன் சொல்றது வாஸ்தவம். அந்த வலைய நானே பாத்திருக்கேன். லெபனான் கரையில, பட்டாளத்தோட ரெண்டு மாசம் அந்த ஊர்லதான் கெடந்தோம்.” சபை வியந்தது. அத்தோடு அவர் அமர்ந்திருக்கலாம். “ஆளு இல்லன்னு சொன்னான் பாருங்க, அத மட்டும் திருத்திடணும். தெரு இருக்கு, மாதாகோயில் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு. தெனம் ரொட்டி வாங்கித் தின்னுருக்கேன்.”

பின்வரிசையில் கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் அமர்ந்திருந்தனர். அவர்களில் ஒருத்தி உரக்கக் கேட்டாள்: “அதானே! ஆளு இல்லாத ஊர்ல வலைய யாரு காயப்போட்டா, நண்டா?”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தந்தையின் முகம் வெளுத்தது. “அண்ணே, உக்காருங்க” என்றார். அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர், “இன்னிக்குப் பென்ஷன் நாளுல்ல, ஹெட்மாஸ்டர்?” என்றார். சிரிப்பு அப்படியே பெரியப்பாவின் பக்கம் திரும்பியது. அவர் வெளியேறினார்.

நடுவராயிருந்த பங்குச் சாமியார் எங்களைத் தனியறைக்கு அழைத்தார். உரையில் பிழை இருப்பின் பதக்கம் தர இயலாது என்றார். “அவரு தெளிவா இல்லீங்க சாமி” என்றார் தந்தை. சாமியார் நம்பாமல் பார்க்கவே, தந்தை என் பக்கம் திரும்பினார். “வாசல்ல ஒனக்கு முத்தம் குடுத்தாருல்ல? வாட அடிச்சிச்சா?”

மேசைமேல் பதக்கம் நீலப் பெட்டியில் திறந்திருந்தது. நான் ஆமென்று தலையாட்டினேன்.

புதுச்சேரிக்குப் புறப்பட்ட காலையில் பெரியப்பா பஸ் நிலையத்துக்கு வந்தார். நான் வழக்கம்போல் கன்னத்தைக் காட்டினேன். அவர் கையை நீட்டினார். “போயிட்டு வா. நல்லா பேசு” என்று என் கையைக் குலுக்கினார். அதற்குப் பின் தம் இறுதி நாள் வரை அவர் எனக்கு முத்தமிட்டதில்லை, கைகுலுக்கல்தான். பெரிய மனிதருள் ஒருவனாக அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று எண்ணி, வழி நெடுகிலும் நெஞ்சை நிமிர்த்தியே அமர்ந்திருந்தேன்.

பின்னாளில் கல்லூரியில் வரலாற்றை முறையாகப் பயின்றேன். பாபிலோன் அரசன் பல்லாண்டு முற்றுகையிட்டும் தீருவின் தீவு நகரம் தீர்க்கதரிசி சொன்னவாறு தரைமட்டமாகவில்லை. அம்முயற்சியால் அவன் படைக்குக் கூலி கிட்டவில்லை என்று அதே தீர்க்கதரிசியே பிற்பாடு சொல்கிறார். கரையில் கிடந்த பழைய நகரின் கற்களைக் கடலில் கொட்டிப் பாதையமைத்துத் தீவை வென்றவன், மிகப் பிந்தி வந்த அலெக்சாந்தர். என் தந்தை இருவரையும் ஒருவராக்கி எழுதியிருந்தார். வலை உலரும் என்றது பலித்தது. மீண்டும் கட்டப்படாது என்றது பலிக்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் என் விசுவாசம் குன்றவில்லை. அரைகுறைச் சான்றை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டிய நிலையில் அது இல்லை.

சொல்தா குடித்துவிட்டுத் தீர்க்கதரிசியையே திருத்தப் போன கதையை எங்கள் உறவினர் வீட்டுத் திருமணங்களில் இன்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். அது தவறு. தீரு பட்டணத்தில் மக்கள் வாழ்கிறார்கள். பெரியப்பா அன்று குடித்திருக்கவில்லை.