மல்சூனின் தொண்டை

குன்சான் துறைமுகத்துக் கிறிஸ்தவக் கோயிலில் விடியற்கால ஜெபத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் மல்சூன். பியானோ வாசிக்க அங்கே ஆளில்லை. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குரல் கரகரத்தது. வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையைச் சுடுகிறது என்றார் டாக்டர். மிளகாய், காரமான கோஸ் ஊறுகாயான கிம்ச்சி, காபி மூன்றையும் விடச் சொன்னார், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கூடாது என்றார். எல்லாவற்றையும் விட்டாள். குளிர்காலக் கிம்ச்சி போடும் நாளில், புதுக் கிம்ச்சியில் பன்றிக்கறியைச் சுருட்டி நாத்தனார் பில்நியோ வாயருகே நீட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் கையால குடுத்தா எறங்காதோ? மகாராணிக்கு இனி கஞ்சிதான் போல" என்றாள் பில்நியோ. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஆனாலும் மனசு கேட்காமல் பில்நியோ, தான் சர்க்கரையில் ஊறவைத்த பச்சைப் பிளம் பாகை ஒரு பெரிய பாட்டில் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். வயிறு சரியில்லையென்றால் அங்கே எந்த வீட்டிலும் அதைத்தான் கலக்கிக் கொடுப்பார்கள். மல்சூன் காலையிலும் படுக்கப்போகும் முன்பும் வெந்நீரில் கலந்து, ஜெபம் சொல்லிக் குடித்தாள். குளிர்காலம் முழுக்கக் குடித்தாள். குரல் தேய்ந்துகொண்டே போனது.

பனி உருகியபின் மறுபடி போனபோது டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து முகம் சுளித்தார். என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிளம் பாகைக் கடைசியில்தான் சொன்னாள்.

"அது மருந்துதானே டாக்டர், சாப்பாட்டுல அதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"அதுவே புளிப்பும்மா. உங்க தொண்டைக்கு அது ஆகவே ஆகாது."

பேச்சு ஓரளவு தெளியலாம், பாட்டுக்கு உறுதி சொல்லமுடியாது என்றார்.

பில்நியோவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷி தாங்கமாட்டாள்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்காலை. போதகர் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல அவளைப் பார்த்தார். மல்சூன் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். யாரும் இருமக்கூட இல்லை, காத்திருந்தார்கள். கடைசியில் பின்வரிசையில் ஒரு பெண் எட்டாத சுருதியில் தொடங்க, சபை தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொண்டது.

மல்சூன் உட்கார்ந்தாள். அவளுக்கு அத்தனை அடியும் மனப்பாடம். உதட்டைக்கூட அசைக்கவில்லை.