வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டராக இருந்த எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருக்குப் படையல் போடும் இந்த நாளில், ஷிப்ட்டை மாற்றிக்கொண்டும் விடுப்பு எடுத்துக்கொண்டும் சேரப்பணஞ்சேரி வரை வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய மூத்த மகளாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். வந்திருப்பவர்களில் வயதானவர்களுக்கு அப்பாவை டி.வி.யில் பார்த்த நினைவு இருக்கும். என்னோடு வேலை செய்பவர்களுக்கு அவரைக் கேட்டில் நின்ற செக்யூரிட்டியாக மட்டுமே தெரியும். அதனால் முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது இதே ஊரில். தாத்தாவுக்கு ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. படப்பையில் பள்ளிப்படிப்பை முடித்த அப்பாவுக்குப் போலீஸ் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. காஞ்சிபுரத்தில் நடந்த ஆள் எடுப்புக்குப் போனார். உயரம் சரி, மார்பு சரி, ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தாராம். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். தூரத்து எழுத்து அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே படப்பிடிப்புகளுக்கு உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மாலையில் எண்ணி வாங்கி வர வேண்டும். ஒருநாள் டி.வி. தொடர் ஒன்றுக்குப் போலீஸ் உடுப்பு கொண்டு போனார். இன்ஸ்பெக்டராக நடிக்க வந்தவருக்கு அந்தச் சட்டை வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை. உடுப்பின் மேல் குறை இல்லை என்று காட்ட, அப்பா அதைத் தானே போட்டுக்கொண்டு நின்றாராம். டைரக்டர் திரும்பிப் பார்த்து, "தொப்பியையும் போடச் சொல்லு" என்றாராம். அப்படித்தான் அப்பா இன்ஸ்பெக்டர் ஆனார்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தொடர் வரும். தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலம். ஒவ்வொரு வாரமும் ஒரு கொலை அல்லது ஒரு திருட்டு, அரை மணி நேரத்தில் அப்பா குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பார்வைக்காகவே பெண்கள் கடிதம் எழுதினார்களாம். மூட்டையாக வந்த கடிதங்கள். உண்மை என்னவென்றால், கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது, அதனால்தான் அந்தச் சுருக்கல். ஜீப்பிலிருந்து ஸ்டைலாகக் குதித்துக் கால்வாயில் விழுந்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். குரலும் அவருடையது இல்லை. "இன்னா", "வூடு" என்று பேசும் இன்ஸ்பெக்டரை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று வேறொருவரைப் பேச வைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு வாலாஜாபாத். பெண் கேட்டு அப்பாவின் புகைப்படம் போனபோது, அதை ஒரு தரம் பார்த்துவிட்டு அம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டாராம். கல்யாணத்துக்கு அழைக்காதவர்கள்தான் அதிகம் வந்தார்கள். "மாப்பிள்ளை ஏன் யூனிபார்ம்ல வரல?" என்று ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டாராம்.

நான் பிறப்பதற்கு முன்பே தொடர் நின்றுவிட்டது. அதன் பிறகு அப்பாவுக்கு வேறு வேஷம் தர ஒருவரும் இல்லை. "உன் மூஞ்சப் பார்த்தா போலீஸ் மாதிரியே கீதுப்பா" என்று திருப்பி அனுப்பினார்கள். சில வருடங்கள் நடந்து பார்த்தார். கடைசியாகக் கிடைத்தது, கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிடும் கான்ஸ்டபிள் வேஷம். அதை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டினார். சர்க்கரை நோய் வந்தது. ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக எழும்பியபோது செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தார். உயரத்தைப் பார்த்து, உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் முன் கேட்டில் அவரை நிறுத்தினார்கள். டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்ததும் அதே கம்பெனிதான், குவாலிட்டி பிரிவில்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

சேர்ந்த புதிதில், முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காகக் கேட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கேன்டீனில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அப்பாவைக் காட்டி, "இவரு யாரு தெரியுமாடி? இவருக்காக நாங்கல்லாம் வெள்ளிக்கிழமை ஆனா வேலய போட்டுட்டு ஓடுவோம்" என்றார். என்னோடு இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "இந்த வாட்ச்மேனா ஹீரோ?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என்னைப் பார்த்து, "நீயும் இவரு ஊருதானே, உனக்குத் தெரியுமா இவர?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

அப்பா இரண்டடி தூரத்தில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. மற்றவர்களிடம் சொல்வதுபோலவே என்னிடமும், "பேகைத் திறங்கம்மா" என்றார். திறந்தேன். காலையில் அவரே மூடித் தந்த சாப்பாட்டு டப்பா உள்ளே இருந்தது. பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றார்.

அடுத்த வாரம் அப்பா லாரிகள் வந்துபோகும் பின் கேட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அங்க நெழல் கீது" என்றார். பின்னாளில் நான் அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு தகரக் கூண்டும் வெயிலும்தான் இருந்தன. அன்று அந்த வரிசையில் நின்ற தோழிகள் சிலர் இன்று வந்திருக்கிறீர்கள். அவர் என் அப்பா. அவர் உயிரோடு இருந்தபோது இதை உங்களிடம் சொல்லவில்லை, அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

அந்தப் பின் கேட்டுக்குத்தான் அந்த அம்மா வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். இங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கியிருந்த அவருடைய மகள் நான்கு நாட்களாகப் போன் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதுவது சரியாக இருக்காது. எந்தக் கம்பெனி என்று தெரியாமல், கையில் ஒரு போட்டோவோடு கேட் கேட்டாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாராம்.

"ஐயா, நீங்க டி.வி.ல வருவீகள்ல... இன்ஸ்பெக்டரு?"

"அது நடிப்பும்மா. நான் நெஜ போலீஸ் இல்ல."

"இருக்கட்டும்யா. நீங்க தேடுனா கெடச்சிருவா."

அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டை ஒப்படைத்துவிட்டு அவரோடு கிளம்பிவிட்டார். ஏஜென்சியில் சொல்லவில்லை. மூன்று நாட்கள். போட்டோவைக் காட்டி ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கேட்டார்கள், அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் ஊருக்குப் போயிருப்பாள் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த வயதான ஏட்டு ஒருவர் அப்பாவை அடையாளம் கண்டு, நாற்காலி போட்டு, உடனே புகாரை எழுதிக்கொண்டார். அந்த முகத்தால் அப்பாவுக்குக் கிடைத்த கடைசி உபகாரம் அதுதான். பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். ராத்தங்கலுக்கு அந்த அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். எங்கள் அம்மா தட்டில் சோறு போட்டால், அந்தத் தாய் பிசைந்துவிட்டு அப்படியே வைத்திருப்பார்.

மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் பிணவறைக்குப் போனார்கள். ரோட்டில் அடிபட்டு, பெயர் தெரியாத பெண் என்று குறித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாவை வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, போட்டோவை வாங்கிக்கொண்டு அப்பா மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்டுபுடிச்சிட்டீகளாய்யா" என்றாராம்.

உடலோடு அவர்கள் ஊர்வரை வண்டியில் கூடவே போய்விட்டு அப்பா திரும்பிய மதியம் எனக்கு வார விடுமுறை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "வாராவாரம் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிகினு இருந்தேன்மா. நெஜமா ஒருத்தர் வந்து கேட்டது இந்த ஒரு தடவதான். இதையா கண்டுபிடிச்சுக் குடுக்கணும்?" என்றார். அவர் காலில் இருந்த சாக்ஸைக் கழற்றினேன். கொப்புளம் உடைந்து ஒட்டியிருந்தது.

சொல்லாமல் போனதற்கு ஏஜென்சி அவரைக் கண்டித்தது. வேலைக்குத் திரும்பியதும் அப்பா ஒரு காரியம் செய்தார். அந்தப் பெண்ணிடம் இருந்த அடையாள அட்டையில் பெயர்கூட இல்லை, ஒரு டோக்கன் எண் மட்டும்தான்; வீட்டு நம்பர் இருந்திருந்தால் தாய்க்கு முதல் நாளே தகவல் போயிருக்கும். அதனால் ஸ்டிக்கர் வாங்கி, கேட்டுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், லாரி டிரைவர் கிளீனரிடமும், வீட்டு நம்பரை எழுதி அட்டையின் பின்னால் ஒட்டச் சொன்னார். "இது உங்க வேலையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு ஒட்டிக்கொண்டே இருந்தாராம். என் அட்டைக்கும் ஒட்டினார். அதில் எழுதியது அவருடைய நம்பர்.

கால் புண் ஆறவில்லை. பிறகு கிட்னி போயிற்று. கடைசி ஒன்றரை வருடம் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முகம் வீங்கிவிட்டது. ஷேவ் செய்ய மட்டும் கண்ணாடி கேட்டவர், பிறகு அதையும் கேட்கவில்லை, அம்மாவே செய்துவிட்டார். "இந்த மூஞ்சிக்கா அன்னிக்கி சமையலறைக்குள்ள ஓடுன?" என்று அம்மாவைக் கேட்பார். "பேசாத, பிளேடு பட்ரும்" என்பார் அம்மா. ஒரு வியாழக்கிழமை காலை, இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன அம்மாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். வயது அறுபத்திமூன்று.

டயாலிசிஸுக்கு ஒருநாளும் தவறாமல் ஏற்றிச் சென்று, படியில் தூக்கி இறக்கிய ஆட்டோ தம்பிக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்த இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகளுக்கும், ஒரு முறைகூட முகம் சுளிக்காத ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கும், காரியம் வரை கூட நின்ற பங்காளிகளுக்கும், எல்லா நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் என் தம்பி சார்பிலும் அம்மா சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்த மலரின் அட்டைப் படத்தைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். தொப்பி வைத்த அந்தப் பழைய படத்தைப் போடக் கூடாது என்று அப்பாவே சொல்லியிருந்தார். "அந்தாளு போய் ரொம்ப நாளாச்சு. என்னப் போடுங்க" என்றார். அதனால் அவருடைய கடைசிப் பொங்கலுக்கு முந்தைய நாள், பனியனோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா தன் போனில் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறோம். அவர் சிரிக்கிறார், முகம் வீங்கித்தான் இருக்கிறது. இடது ஓரத்தில் மங்கலாகத் தெரிவது அம்மாவின் விரல். அதை வெட்டிவிடலாம் என்று அச்சகத்தார் சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம்.